விசுவாசம் கீழே இருப்பவனுக்கு மட்டும்தானா?



ஷிப்டு முடிந்து டீக்கடையில் நிற்கும்போதும், நடவு முடிந்து வரப்பில் உட்காரும்போதும் நம்மவர்கள் ஒரு கேள்வியை எழுப்புகிறார்கள். "ஆண்டாண்டு காலமாக ஒரு கட்சிக்கு ஓட்டுப் போட்டு வந்தவன் இருக்கிறான். அந்தக் கட்சி அவனுக்குப் பிடிக்காத ஆளைக் கொண்டுவந்து நிறுத்தினால் அவன் என்ன செய்வது? கட்சிக்கு விசுவாசமாக இருப்பதா, மனசாட்சிக்கு விசுவாசமாக இருப்பதா?" என்று கேட்கிறார்கள். ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 1968-ம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் உருக்காலைத் தொழிலாளியும் திராட்சைத் தோட்டக் கூலியும் இதே கேள்வியை நேருக்கு நேர் சந்தித்தார்கள். அவர்கள் பட்ட பாட்டை இன்று உங்கள்முன் வைக்கிறோம்.

அமெரிக்காவில் ஜனாதிபதி தேர்தலுக்கு முன்னால் இன்னொரு தேர்தல் நடக்கிறது. அதற்குப் பிரைமரி என்று பெயர். நம் நாட்டில் யாருக்கு டிக்கெட் என்பதைக் கட்சியின் கமிட்டி தீர்மானிக்கிறது. அங்கே கட்சியை ஆதரிக்கும் சாதாரண ஓட்டர்களே ராஜ்யம் ராஜ்யமாக ஓட்டுப் போட்டு, "எங்கள் அபேட்சகர் இவர்தான்" என்று சொல்லலாம். கேட்க அழகாகத்தான் இருக்கிறது! ஆனால் 1968-ல் அங்கிருந்த 50 ராஜ்யங்களில் ஏறக்குறைய 15-ல்தான் பிரைமரி நடந்தது. மற்ற இடங்களில் கவர்னர்களும் மேயர்களும் மாவட்டக் கட்சித் தலைவர்களும் கதவைச் சாத்திக்கொண்டு, தங்களுக்கு வேண்டிய பிரதிநிதிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். பிரைமரி நடந்த சில இடங்களில்கூட ஜனங்கள் போட்ட ஓட்டு வெறும் அபிப்பிராயம்தான். மகாநாட்டுக்குப் போகும் பிரதிநிதியை அது கட்டுப்படுத்தாது.

அந்த ஆண்டில் ஜனநாயகக் கட்சியின் சர்க்கார் ஆட்சியில் இருந்தது. லிண்டன் ஜான்ஸன் ஜனாதிபதி. வியட்நாம் மக்கள்மீது குண்டுமழை பொழிந்துகொண்டிருந்தவர் அவர்தான். ஐந்து லட்சம் அமெரிக்கச் சிப்பாய்கள் அங்கே இறக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் யார் வீட்டுப் பிள்ளைகள்? பாங்கு முதலாளியின் பிள்ளை கல்லூரிப் படிப்பைக் காட்டித் தப்பித்துக்கொண்டான். சுரங்கத் தொழிலாளியின் பிள்ளையும் பருத்திக் காட்டுக் கூலியின் பிள்ளையும் போய்ச் செத்தார்கள். இந்த யுத்தத்தை எதிர்த்து, அதே கட்சியைச் சேர்ந்த யூஜின் மக்கார்த்தி என்ற செனட்டர் போட்டிக்கு வந்தார். (கம்யூனிஸ்டு வேட்டை நடத்திய ஜோசப் மக்கார்த்தி வேறு ஆள்; பெயரைக் கேட்டுத் திடுக்கிட வேண்டாம்.) மார்ச் 12-ந் தேதி நியூ ஹாம்ப்ஷயர் பிரைமரியில், பதவியில் இருந்த ஜனாதிபதிக்கு நூற்றுக்கு 49-ம் இவருக்கு 42-ம் கிடைத்தன. நான்கு நாள் கழித்து ராபர்ட் கென்னடியும் களத்தில் குதித்தார். மார்ச் 31-ந் தேதி ஜான்ஸன், தாம் மறுபடி நிற்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டார்.

ஜான்ஸன் விலகினாலும் அவரைத் தாங்கி நின்ற கூட்டம் விலகவில்லை. உப ஜனாதிபதி ஹியூபர்ட் ஹம்ப்ரியை அந்தக் கூட்டம் முன்னால் தள்ளியது. அவர் ஏப்ரல் கடைசியில் தம் போட்டியை அறிவித்தார். ஒரு பிரைமரியில்கூட நின்று ஓட்டுக் கேட்கவில்லை. ஏன் கேட்க வேண்டும்? மேயர்கள் அவர் பக்கம். கவர்னர்கள் அவர் பக்கம். அமெரிக்கத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் ஜார்ஜ் மீனி, வியட்நாம் யுத்தத்தை முழு மனதோடு ஆதரித்தவர். அவரும் ஹம்ப்ரி பக்கம். பென்சில்வேனியாவைப் பாருங்கள். உருக்கும் நிலக்கரியும் நிறைந்த ராஜ்யம் அது. பிட்ஸ்பர்க் நகரம் அங்கேதான் இருக்கிறது. அங்கே பிரைமரியில் மக்கார்த்திக்குப் பத்தில் ஏழு பங்கு ஓட்டு விழுந்தது. மகாநாட்டுக்குப் போன அந்த ராஜ்யத்தின் பிரதிநிதிகளில் மிகப் பெரும்பாலோர் கை தூக்கியது யாருக்கு? ஹம்ப்ரிக்கு! விதைத்தவன் ஒருவன், களத்தில் நெல்லை அளந்துகொண்டு போனவன் இன்னொருவன்.

இனி மில் தொழிலாளித் தோழர்கள் கவனிக்க வேண்டிய ஊர் ஒன்றைச் சொல்லுகிறோம். இண்டியானா ராஜ்யத்தில் கேரி என்று ஒரு நகரம். 1906-ல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் கம்பெனி தன் ஆலைக்காகக் கட்டிய ஊர். கம்பெனித் தலைவரின் பெயரையே ஊருக்கும் வைத்தார்கள். 1919-ல் அங்கே பெரும் உருக்கு வேலைநிறுத்தம் நடந்தபோது பட்டாளம் இறங்கியது. கம்பெனிகள் தெற்கிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களையும் மெக்சிகோவிலிருந்து கூலிகளையும் வரவழைத்து வேலைநிறுத்தத்தை உடைத்தன. சங்கத்தில் சேர்க்காமல் பட்டினி போட்டு வைத்திருந்தவனையே கருங்காலியாக்கினார்கள். பிறகு, "பார், உன் வேலையைப் பறித்தவன் அவன்தான்" என்று வெள்ளைத் தொழிலாளியிடம் கோள் மூட்டினார்கள். அந்த விஷம் ஐம்பது வருஷம் கழித்தும் இறங்கவில்லை.

1964-ல் அலபாமா கவர்னர் ஜார்ஜ் வாலஸ் ஜனநாயகக் கட்சியின் பிரைமரிகளில் நின்றார். கறுப்புப் பிள்ளையும் வெள்ளைப் பிள்ளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் உட்காரக் கூடாது என்று சபதம் செய்த மனிதர் அவர். இண்டியானாவில் அவருக்கு நூற்றுக்கு 30 ஓட்டு. கேரி நகரம் இருக்கும் லேக் மாவட்டத்திலோ அவரே முதலிடம்! பலமான சங்கம் உள்ள உருக்காலை மாவட்டத்தில், தொழிற்சங்கத்தின் பரம விரோதிக்கு முதலிடம். இதை நாம் மூடி மறைத்துப் பேசக் கூடாது. தொழிலாளி எப்போதும் சரியாகவே ஓட்டுப் போடுவான் என்று சொல்லிக்கொள்வது நமக்கு இனிக்கும். ஆனால் உண்மை அல்ல.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 1967-ல் அதே கேரியில் மேயர் தேர்தல் வந்தது. ரிச்சர்ட் ஹாட்சர் என்ற கறுப்பின வக்கீல் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் முறைப்படி போட்டியிட்டு முறைப்படி ஜெயித்தார். கட்சி விசுவாசம் என்றால் என்ன? ஜெயித்தவருக்கு எல்லோரும் வேலை செய்ய வேண்டும். ஆனால் அந்த மாவட்டத்தின் ஜனநாயகக் கட்சித் தலைவரே அவரைக் கைவிட்டார். எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் வெள்ளை அபேட்சகருக்குப் பின்னால் நின்றார். ஹாட்சருக்குச் சிவப்புச் சாயம் பூசவும் தவறவில்லை. (நம் பெயர் எவ்வளவு தூரம் பயன்படுகிறது பாருங்கள்!) அத்தனையையும் மீறி நவம்பரில் ஹாட்சர் இரண்டாயிரத்துக்கும் குறைந்த ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். கறுப்பின மக்கள் அணி திரண்டு வந்தார்கள். வெள்ளைத் தொழிலாளரில் ஒரு சிறு பகுதியும் அவருக்குப் போட்டது. அந்தச் சிறு பகுதி இல்லாவிட்டால் அவர் தோற்றிருப்பார்.

1968 மே 7-ந் தேதி இண்டியானா பிரைமரியில் கென்னடிக்கு நூற்றுக்கு 42 கிடைத்தது. கறுப்பினத் தொழிலாளியும் வெள்ளைத் தொழிலாளியும் அவர் பின்னால் ஒன்று சேர்ந்துவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. கேட்க நன்றாக இருந்தது. ஓட்டுக் கணக்கை வட்டம் வட்டமாகப் பிறகு பார்த்தவர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். கேரியில் கறுப்பின வட்டங்கள் அவருக்கு அள்ளிக் கொடுத்தன; வெள்ளையர் வட்டங்களில் பெரும்பாலானவற்றில் அவர் முந்தவே இல்லை. ஒரே உலைக்கு முன்னால் வியர்வை சிந்தியவர்கள் ஓட்டுப் பெட்டிக்கு முன்னால் பிரிந்துதான் நின்றார்கள்.

விவசாயத் தொழிலாளர் கதை வேறு. கலிபோர்னியாவில் டெலானோ என்ற ஊரைச் சுற்றித் திராட்சைத் தோட்டங்கள். 1935-ல் ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் அமைக்கும் உரிமை கொடுத்த சட்டம், விவசாயத் தொழிலாளியைப் பெயர் சொல்லி வெளியே தள்ளியது. 1965 செப்டம்பர் 8-ந் தேதி லாரி இட்லியாங் தலைமையில் பிலிப்பினோ கூலிகள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். விரைவிலேயே ஸீஸர் சாவேஸ் தலைமையில் மெக்சிகோ வழிவந்த கூலிகளும் சேர்ந்தார்கள். இரண்டு இனத்தாரையும் ஒருவருக்கொருவர் கருங்காலியாக்கி வயிறு வளர்த்தவர்கள் தோட்ட முதலாளிகள். இம்முறை அந்தப் பருப்பு வேகவில்லை. 1966-ல் செனட் கமிட்டி ஒன்று டெலானோவுக்கு விசாரணைக்கு வந்தது. சட்டம் எதையும் மீறாத மறியல்காரர்களை, "அவர்களை அடிக்கப் போவதாக மற்றவர்கள் மிரட்டினார்கள், அதனால் கைது செய்தேன்" என்று போலீஸ் அதிகாரி சொன்னார். கமிட்டியில் உட்கார்ந்திருந்த கென்னடி, மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அரசியல் சட்டத்தைக் கொஞ்சம் படித்துப் பாருங்கள் என்று அவருக்குச் சொல்லி அனுப்பினார்.

கென்னடியை நாம் மகானாக்க வரவில்லை. கோடீஸ்வரர் வீட்டுப் பிள்ளை. 1953-ல் அந்த இன்னொரு மக்கார்த்தியின் கமிட்டியில் சம்பளம் வாங்கியவர். ஆனால் தோட்டக் கூலி அவருடைய ஜாதகத்தைப் பார்க்கவில்லை. மறியல் நடந்தபோது யார் வந்து நின்றார் என்று பார்த்தான். 1968 மார்ச் 10-ந் தேதி சாவேஸ் 25 நாள் உண்ணாவிரதத்தை முடித்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கென்னடி. ஆகவே ஜூன் 4-ந் தேதி பிரைமரிக்கு, வேலைநிறுத்தத்தில் இருந்த கூலிகள் தோட்டங்களை விட்டு நகரங்களுக்குப் போய் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். அவர்களில் பலருக்குப் பிரஜா உரிமை இல்லை. தங்களுக்கு இல்லாத ஓட்டை மற்றவர்களிடம் கேட்டு வாங்கினார்கள். கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸின் ஏழைத் தெருக்கள் கென்னடிக்கு அலை அலையாக ஓட்டளித்தன. ராஜ்யம் முழுவதும் கென்னடிக்கு 46, மக்கார்த்திக்கு 42. யுத்தத்தை எதிர்த்த இரண்டு பேருமே ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கணக்கு இது. பிரைமரியில் நிற்காத ஹம்ப்ரி தூரத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அன்று நள்ளிரவு கடந்ததும் கென்னடி சுடப்பட்டார். அவர் வெற்றிப் பேச்சுப் பேசிய மேடையில், விவசாயத் தொழிலாளர் சங்கத்தைச் சேர்ந்த டோலரஸ் ஹுவர்ட்டா அவருக்கு அருகில் நின்றிருந்தார். ஏப்ரல் 4-ந் தேதி மெம்பிஸ் நகரில், குப்பை அள்ளும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்கு ஆதரவாகப் போன இடத்தில் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

ஆகஸ்டில் சிக்காகோவில் கட்சி மகாநாடு. அந்த நாட்களில் அந்த நகரத்தில் டெலிபோன் தொழிலாளர் வேலைநிறுத்தம், டாக்ஸி ஓட்டிகள் வேலைநிறுத்தம், கறுப்பின பஸ் தொழிலாளர் வேலைநிறுத்தம்! யுத்தத்தை நிறுத்தக் கோரிய தீர்மானம் ஏறக்குறைய 1,041-க்கு 1,567 என்று தோற்கடிக்கப்பட்டது. வெளியே தெருவில் யுத்த எதிர்ப்பு வாலிபர்களின் மண்டைகளை மேயரின் போலீஸ் உடைத்துக்கொண்டிருந்தது. போலீஸே கலகம் செய்தது என்று பிறகு விசாரணை அறிக்கை சொல்லிற்று. உள்ளே ஹம்ப்ரிக்கு 1,760 அளவில், மக்கார்த்திக்கு 601. ஒரு பிரைமரியில்கூட நிற்காதவர் அபேட்சகரானார். உடனே உபதேசம் ஆரம்பமாயிற்று. "நடந்தது நடந்துவிட்டது. கட்சிக்கு விசுவாசமாக இருங்கள்."

விசுவாசத்தைப் பற்றி உபதேசிக்க இந்தத் தலைவர்களுக்கு என்ன யோக்கியதை இருந்தது? நாலு வருஷம் பின்னால் போவோம். மிஸிஸிப்பி ராஜ்யத்தில் ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண், பருத்திப் பண்ணையில் 18 வருஷம் வேலை செய்தவர். 1962-ல் ஓட்டர் பட்டியலில் பெயர் பதியப் போனார் என்ற ஒரே குற்றத்துக்காகப் பண்ணையார் அவரை வெளியேற்றினார். 1963-ல் சிறையில் போட்டு அடித்தார்கள். 1964-ல் அவரும் அவரைப் போன்ற ஏழைகளும் தங்கள் பிரதிநிதிகளைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டு கட்சி மகாநாட்டுக்கு வந்தார்கள். ஜான்ஸனை ஆதரிக்கத் தயாராக இருந்தவர்கள் அவர்கள். வெள்ளையர் மட்டுமே இருந்த மிஸிஸிப்பியின் அதிகாரபூர்வப் பிரதிநிதிகளோ, கட்சி அபேட்சகரை ஆதரிப்பதாக உறுதிமொழி தரக்கூட மறுத்தவர்கள். தலைமை யாருக்கு இடம் கொடுத்தது? துரோகிகளுக்கு முழு ஆசனம். ஹேமர் கூட்டத்துக்கு இரண்டே இரண்டு நாற்காலி! இந்தச் சமரசத்தைப் பேசி முடிக்க அனுப்பப்பட்டவர் வேறு யாரும் இல்லை, ஹம்ப்ரிதான். ஹேமர் கூட்டம் அதை மறுத்தது. உறுதிமொழி தர மனமில்லாத வெள்ளையரில் அநேகமாக எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். நவம்பரில் மிஸிஸிப்பி நூற்றுக்கு 87 ஓட்டை எதிர்க்கட்சியின் கோல்ட்வாட்டருக்குப் போட்டது. சிக்காகோவில் ஹேமர் முறையான பிரதிநிதியாக வந்து உட்கார்ந்தார். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். நாலு வருஷம் தாமதமான கைதட்டு.

இப்படிப்பட்ட கட்சிக்கு ஓட்டுப் போட்டுவந்த தொழிலாளி 1968 இலையுதிர் காலத்தில் என்ன செய்வான்? யுத்தத்தை எதிர்த்தவர்களில் பலர் வீட்டிலேயே இருந்துவிடுவது என்று தீர்மானித்தார்கள். மக்கார்த்தியே அக்டோபர் 29 வரைக்கும் ஹம்ப்ரிக்கு ஒரு வார்த்தை ஆதரவு சொல்லவில்லை. வெள்ளைத் தொழிலாளரில் ஒரு பகுதி, இம்முறை தனிக் கட்சியில் நின்ற வாலஸ் பக்கம் சாய்ந்தது. மோட்டார் ஆலைகளிலும் உருக்காலைகளிலும் அவருடைய சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். அப்போது தொழிற்சங்கங்கள் விழித்துக்கொண்டன. லட்சக்கணக்கில் துண்டுப் பிரசுரங்கள் போயின. அவற்றில் இனச் சமத்துவத்தைப் பற்றி உபதேசம் குறைவு. அலபாமாவின் கூலி விகிதம் என்ன, அங்கே சங்கத்தை முடக்கும் சட்டம் எப்படி இருக்கிறது என்ற விவரமே அதிகம். பலன் இருந்தது, நவம்பர் வருவதற்குள் வடக்கே வாலஸின் ஆதரவு மளமளவென்று சரிந்தது. இதிலே எங்களுக்கு ஒரு குறை உண்டு. கூலிக் கணக்கைக் காட்டி வாலஸிடமிருந்து பிரித்தார்கள், நல்லது. பக்கத்து உலையில் நிற்கும் கறுப்புத் தோழனோடு சேர்த்தார்களா? அந்த வேலை மிச்சமாகவே நின்றது. 1972-ல் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே திரும்பிவந்து நின்ற வாலஸ், மோட்டார் தொழிலாளரின் கோட்டையான மிச்சிகன் பிரைமரியில் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினார்.

நம்முடைய தோழர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். அமெரிக்கக் கம்யூனிஸ்டுக் கட்சி அந்தத் தேர்தலில் சார்லின் மிட்சலை நிறுத்தியது. ஜனாதிபதி பதவிக்கு நின்ற முதல் கறுப்பினப் பெண் அவரே. இரண்டே ராஜ்யங்களில்தான் ஓட்டுச் சீட்டில் பெயர் இடம் பெற்றது; விழுந்த ஓட்டு ஆயிரத்துச் சில்லறை. அந்தக் கொடியை உயர்த்தியது சரி. ஆனால் ஆயிரம் ஓட்டை வைத்துக்கொண்டு, "இரண்டும் முதலாளித்துவக் கட்சி, யார் வந்தால் என்ன?" என்று டெலானோ கூலியிடம் போய்ச் சொல்ல முடியுமா?

அவன் பார்த்த கணக்கு இது. ஹம்ப்ரி திராட்சை பகிஷ்காரத்தை ஆதரித்தார். நிக்ஸன் பகிஷ்காரத்தைக் கண்டித்தார். கலிபோர்னியாவில் கூட்டம் போட்டு, ஜனங்கள் பார்க்கத் திராட்சையைத் தின்று காட்டினார்! கென்னடிக்காக அழுத கண்ணீர் காயாத நிலையிலும் சாவேஸின் சங்கம் ஹம்ப்ரிக்கு ஓட்டுக் கேட்டது. உற்சாகத்தோடு அல்ல. அதற்காக மறியலைக் கைவிடவும் இல்லை. நாங்கள் மதிப்பது இந்த விசுவாசத்தைத்தான். சங்கத்தைக் கட்சித் தலைவர்களின் பாக்கெட்டில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிற விசுவாசம் அல்ல அது. கோபத்தில் பகைவனுக்கு வழிவிடுகிற வீம்பும் அல்ல.

செப்டம்பர் 30-ந் தேதி ஹம்ப்ரி ஒருவழியாக, குண்டுவீச்சை நிறுத்தத் தயார் என்று சொன்னார். அன்றிலிருந்து அவருக்கு ஆதரவு ஏறியது. ஐந்து மாதம் முன்னால் சொல்லியிருந்தால்? நிக்ஸனுக்கு 43.4, ஹம்ப்ரிக்கு 42.7, வாலஸுக்கு 13.5. முதல் இருவருக்கும் ஏழு கோடிக்கு மேற்பட்ட ஓட்டில் வித்தியாசம் ஐந்து லட்சம். தேர்தலுக்கு முன் சமாதானப் பேச்சு கூடிவராமல் பார்த்துக்கொள்ள நிக்ஸன் தரப்பு ரகசியமாகச் சதி செய்ததும், அவருடைய உதவியாளரின் குறிப்புகளிலிருந்து அரை நூற்றாண்டு கழித்து அம்பலமாயிற்று.

சிக்காகோவின் அசிங்கத்துக்குப் பிறகு கட்சி விதிகளை மாற்றினார்கள், பிரைமரிகள் பெருகின. 1972-ல் அந்தப் புதிய விதிப்படி, ஓட்டர்களின் ஆதரவோடு யுத்த எதிர்ப்பாளர் ஜார்ஜ் மக்கவர்ன் அபேட்சகரானார். 1968-ல் "நடந்தது நடந்துவிட்டது, விசுவாசமாக இருங்கள்" என்று சொன்ன கூட்டம் இப்போது என்ன செய்தது? மீனியின் சம்மேளனம், யாரையும் ஆதரிக்கப் போவதில்லை என்று கை கழுவியது. சில சங்கங்கள் அதை மீறி மக்கவர்னுக்கு வேலை செய்தன. லாரித் தொழிலாளரின் டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைமையோ பகிரங்கமாக நிக்ஸனுக்கே ஆதரவு தந்தது. நிக்ஸன் 49 ராஜ்யங்களில் ஜெயித்தார். ஆக, மேலே இருப்பவர்களுக்குப் பிடித்த முடிவு வந்தால் கீழே இருப்பவன் விசுவாசமாக இருக்கவேண்டும். கீழே இருப்பவனுக்குப் பிடித்த முடிவு வந்தால் மேலே இருப்பவர்களுக்கு மனசாட்சி விழித்துக்கொள்ளும்!

டெலானோவில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நிக்ஸன் ஆட்சியில் யுத்த இலாகா பட்டாளத்துக்குத் திராட்சையை முன்னைவிட அதிகமாக வாங்கிக் குவித்தது. விற்காத பழம் வியட்நாமுக்குக் கப்பலேறியது. ஆனாலும் நகரங்களில் குடும்பப் பெண்கள் திராட்சை வாங்க மறுத்தார்கள். லண்டன் துறைமுகத் தொழிலாளர் பெட்டிகளை இறக்க மறுத்தார்கள். 1970 ஜூலை 29-ந் தேதி தோட்ட முதலாளிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். 1973-ல் ஒப்பந்தம் முடிந்ததும், தொழிலாளியைக் கேட்காமலே டீம்ஸ்டர்ஸ் தலைமையோடு புது ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி சிறை. மறியலில் இருவர் உயிர் போயிற்று. 1975-ல் கலிபோர்னியா சட்டசபை, எந்தச் சங்கம் வேண்டும் என்று விவசாயத் தொழிலாளர்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தீர்மானிக்கச் சட்டம் செய்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் தோட்டம் தோட்டமாக ஓட்டுப் பெட்டி வந்தது. பிரஜா உரிமை இல்லாதவனுக்கும் அதில் ஓட்டு இருந்தது. கத்தரிக்கோலையும் பழக்கூடையையும் கீழே வைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். டீம்ஸ்டர்ஸைவிட அதிகத் தோட்டங்களில் சாவேஸின் சங்கம் ஜெயித்தது.